வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? சிறிய ஹாட் ஹேட்ச் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து, பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோரும் அண்ணன்மாரும் வாகன நிறுத்தத்தில் நிற்கும் அந்தக் கால் மணி நேரத்தில் என்னிடம் கேட்கப்படுபவை பெரும்பாலும் இலக்கணக் கேள்விகளாக இருப்பதில்லை. வார நாட்களில் நான் இயந்திரப் பொறியாளன். என்னுடைய 2007 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐ வகுப்பறைச் சன்னலுக்கு நேர் கீழே நிற்கும். அதைப் பார்த்தவுடன் தங்கள் வண்டியின் நினைவு வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட விதமாகவே எழுதி, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

“சார், ஹாட் ஹேட்ச்னா என்ன? என்னோடது ஸ்பாய்லர் வெச்ச சாதாரண போலோ. அதுவும் சேருமா?”

சேராது. குடும்ப உபயோகத்துக்கான சிறிய வண்டியின் உடலிலேயே வலுவான எஞ்சின், இறுக்கமான சஸ்பென்ஷன், பெரிய பிரேக் ஆகியவற்றை உற்பத்தி நிறுவனமே பொருத்தி விற்றால்தான் அதற்கு இந்தப் பெயர். போலோ ஜிடிஐ, சுசூக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி ஆகியவை நம் ஊரில் அதிகம் கண்ணில் படுபவை. சாதாரண போலோவை ஜிடிஐ ஆக்க முயல்வது வேறு கணக்கு. அதற்கான செலவில் பெரும்பாலும் பழைய ஜிடிஐ ஒன்றையே வாங்கிவிடலாம்.

“ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிடுச்சு. முன்ன மாதிரி இழுக்கல. மாத்திடலாமா?”

இந்தக் கேள்விதான் மிக அதிகமாக வருகிறது. வண்டி ஒரே நாளில் தளர்வதில்லை. மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தளர்வதால், தேய்ந்து போன நிலையையே அந்த வண்டியின் இயல்பு என்று நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம். பிறகு நண்பரின் புது வண்டியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, நம்முடையது பழையதாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். ஒப்பிட வேண்டியது அந்தப் புது வண்டியுடன் அல்ல, நம் வண்டி நலமாக இருந்தபோது ஓடிய ஓட்டத்துடன்தான்.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவனின் தந்தை தம் வண்டியை விற்க விலையும் பேசிவிட்டு வந்து, “ஒரு தடவை பாருங்க சார்” என்றார். பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் வளைவில் அடிப்பக்கமாக விரலை ஓட்டினேன். நகக்கீறல் அளவுக்கு ஒரு பிளவு. அதைச் சுற்றிக் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு. டர்போ அழுத்தி அனுப்பும் காற்று அந்த வாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. குழாயையும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றியதோடு விற்கும் பேச்சும் நின்றுவிட்டது.

“அப்போ எதையெல்லாம் பார்க்கச் சொல்லணும்?”

முதலில் எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை, அளக்கச் சொல்லுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் அடித்தளம் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒன்று மட்டும் கீழே கிடந்தால் வேறு எதற்கும் செலவு செய்யும் முன் அதன் காரணம் தெரிந்தாக வேண்டும். அடுத்தது காற்றுக் குழாய்களில் கசிவு, இக்னிஷன் காயில், பிளக், கிளட்ச் வழுக்குகிறதா என்பது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் மட்டுமே பீய்ச்சும் எஞ்சின்களில், உள்ளிழுப்பு வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. ஆகவே அவற்றின் பின்புறம் கரி படிந்து மூச்சு திணறும். அக்ரூட் ஓட்டுத் துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்து அதைச் சுத்தம் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. என்னுடைய பழைய 1.8 டர்போவில் பெட்ரோல் வால்வுக்கு முன்பாகவே தெளிக்கப்படுவதால் அந்தத் தொல்லை இல்லை.

எஞ்சின் எண்ணெய் குறைகிறதா என்பதை நீங்களே அளக்கலாம். சமதளத்தில் நிறுத்தி அளவுக்கோலைப் பார்த்துத் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவையுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மீண்டும் பாருங்கள். 132 கிலோவாட் கொண்ட 1.4 லிட்டர் போலோ ஜிடிஐ, அதாவது டர்போவும், எஞ்சின் சுழற்சியாலேயே இயங்கிக் காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜரும் சேர்ந்த எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதை மாதந்தோறும் செய்ய வேண்டும். எண்ணெய் குடிப்பதில் பெயர் வாங்கிய எஞ்சின் அது.

“எல்லாம் சரியா இருக்கு சார். கையில கொஞ்சம் காசு இருக்கு. முதல்ல எதை மாத்தலாம்?”

டயர். அதன் பிறகு பிரேக். அதன் பிறகு ஷாக் அப்சார்பர். எஞ்சினில் கை வைப்பது இந்த மூன்றுக்கும் பிறகுதான். இதைக் கேட்டதும் இளைஞர்களின் முகம் வாடிப்போகிறது, வாடட்டும்.

சட்டப்படி டயரின் வரிப்பள்ளத்தில் (பட்டனில்) ஒரு மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். ஆனால் டர்பனின் கோடை மழையில் அந்த டயர் தண்ணீரை வெளியே தள்ளாது. பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதைப் பாருங்கள்: பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும், 3217 என்றிருந்தால் அது 2017-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பெயர் தெரியாத மலிவு டயரைப் போட்டுக்கொண்டு எஞ்சினுக்குப் பணம் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எம்13 சாலையில் க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில், முன்னால் லாரி நகர, விட்டு விட்டு மிதித்துக்கொண்டே வந்தபோது, அடிவாரத்து சிக்னலில் என் பெடல் பஞ்சை மிதித்தது போல் உள்ளே போனது. பேட் புதியது, டிஸ்க் புதியது. பிரேக் ஆயிலை மட்டும் நான்கு ஆண்டுகளாக மாற்றாமல் விட்டிருந்தேன். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இத்தனை மலிவான ‘மாடிஃபிகேஷன்’ வேறு கிடையாது.

“ரீமேப் செஞ்சா எவ்வளவு கூடும்? எல்லாரும் ஸ்டேஜ் ஒன், ஸ்டேஜ் டூன்னு சொல்றாங்க.”

ரீமேப் என்பது எஞ்சினை ஆளும் கணினியின் மென்பொருளை மாற்றியமைப்பது. அதை மட்டும் செய்வதைப் பேச்சுவழக்கில் ஸ்டேஜ் ஒன் என்கிறார்கள். அதோடு டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), காற்றுவழி, இன்டர்கூலர் போன்ற பாகங்களையும் மாற்றினால் ஸ்டேஜ் டூ. டர்போ எஞ்சினில் மென்பொருள் மாற்றத்தால் வலு நன்றாகவே கூடும். டர்போ இல்லாத எஞ்சினில், உதாரணமாகப் பழைய 1.6 லிட்டர் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில், கொடுத்த காசுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம்.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்? 2015-இல் வந்த 1.8 லிட்டர், 141 கிலோவாட் போலோ ஜிடிஐயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே எஞ்சினுக்கு மேனுவல் கியருடன் 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், டிஎஸ்ஜி எனப்படும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர்பாக்ஸுடன் 250 நியூட்டன் மீட்டரும் என்று நிறுவனமே இரண்டு விதமாக அமைத்தது. காரணம், அந்த உலர் கிளட்ச் டிஎஸ்ஜி 250-க்காக வடிவமைக்கப்பட்டது. மேற்சொன்ன 1.4-இலும் அதே கியர்பாக்ஸ்தான், அங்கும் 250-தான். அதை ரீமேப் செய்பவர் தாங்கும் எல்லையில் நிற்கும் கியர்பாக்ஸின் தலையில் இன்னும் பாரம் ஏற்றுகிறார். பிறகு வந்த 2.0 லிட்டர், 147 கிலோவாட் வண்டியில் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட ஆறு கியர் டிஎஸ்ஜி இருப்பதால் கொஞ்சம் இடம் இருக்கிறது. உங்களுடையது ஏழு கியர் டிஎஸ்ஜி என்றால், இன்னும் வலு வேண்டும் என்ற ஆசைக்கு விடை வேறு வண்டிக்கு மாறுவதுதான். மேனுவல் என்றால் வைத்துக்கொண்டே முன்னேறலாம், ஒரு கிளட்ச் செலவை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு.

“வேலைக்காக ஜோபர்க் போறேன். அங்க வண்டி இழுக்காதுன்னு சொல்றாங்களே?”

ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வலுவை இழக்கும். என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போதே அது காலடியில் தெரியும். டர்போ எஞ்சின் கூடுதல் காற்றை அழுத்தி இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். ஆனால் அதற்காக டர்போ இங்கே சுற்றுவதைவிட அதிக வேகத்தில் சுழல வேண்டியிருக்கும். டர்பனில் கடைசிச் சொட்டு வரை பிழிந்து செய்த ரீமேப்புடன் மேலே போய்க் குடியேறுவது நல்லதல்ல. அங்கே போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலிலும் ஒரு சிக்கல் உண்டு. கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் மேட்டுப் பகுதிகளில் 93, 95 ஆகிய ஆக்டேன் எண் கொண்ட பெட்ரோல் இரண்டும் கிடைக்கும். மெல்லிய காற்றில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு 93 போதும் என்பது உண்மை. டர்போ அந்தக் காற்றை மீண்டும் அழுத்திவிடுவதால் இந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது, 95-ஐயே போடுங்கள்.

“டைனோ சீட்டுல 180 கிலோவாட்னு போட்டிருக்கே, நம்பலாமா?”

டைனோ என்பது வண்டியின் வலுவை அளக்கும் கருவி. மேலே சொன்ன உயரக் கணக்கு இங்கேயும் குறுக்கிடுகிறது. மேட்டு நிலத்தில் அளக்கும் டைனோ, மெல்லிய காற்றுக்காக ஒரு திருத்தத்தைச் சேர்த்துக் கடல் மட்டத்து அளவாக எழுதும். அந்தத் திருத்தம் டர்போ இல்லாத எஞ்சின்களுக்கு ஏற்றது. டர்போ எஞ்சினுக்கு அப்படியே போட்டால் எண் ஊதிப்போகும். ஆகவே ஒரே டைனோவில், ஒரே நாளில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு சீட்டுகளின் வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள்.

“தாழ்த்தினா நல்லா இருக்குமே?”

பார்க்க நன்றாக இருக்கும். நானும் செய்தேன். தேய்ந்த ஷாக்குகளை மாற்றாமல், குட்டையான ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் போட்டேன். அடுத்த வாரமே, வகுப்புக்குப் போகும் வழியில் உள்ள வேகத்தடையில் முன் வலது ஷாக் அடியில் போய் முட்டி, சீல் கிழிந்து எண்ணெய் வழிந்தது. உறுமிப் போக வேண்டிய வண்டி தவளை போல் குதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. ஸ்பிரிங் குட்டையானால் சக்கரம் மேலே எழும்ப இடம் குறைகிறது. அந்தக் குறைந்த இடத்துக்குள் அடங்கும் ஷாக் வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள். இல்லையேல் டயரின் உள்விளிம்பு மட்டும் சத்தமில்லாமல் தேய்ந்து முடியும். நம் சாலைக் குழிகளைக் கணக்கில் எடுத்தால், நிறுவனம் கொடுத்த உயரத்தில் புதிய ஷாக்குகளே போதும் என்பது என் இப்போதைய கருத்து.

“இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட சொன்னா பிரீமியம் ஏத்திடுவாங்க. சொல்லாம விட்டா என்ன?”

விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் பானெட்டைத் திறப்பார். அறிவிக்காத மாற்றம் ஆபத்தின் அளவை மாற்றக்கூடியது என்று கருதப்பட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். அந்த நாளில் வங்கிக் கடனும் பாக்கி இருந்தால், இல்லாத வண்டிக்குத் தவணை கட்ட நேரிடும். ரீமேப், ஸ்பிரிங், பெரிய வீல் எதுவானாலும் எழுத்தில் அறிவித்து, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். மாற்றிய பாகங்களின் விலையும் பாலிசியில் தனியே குறிப்பிடப்பட்டிருந்தால்தான் ஈடு கிடைக்கும். நிராகரிப்பு அநியாயம் என்று தோன்றினால், 2024 முதல் இயங்கும் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பிரீமியம் உயர்ந்தால் அந்த உயர்வை மாற்றத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். சிலருக்கு ஆசை அங்கேயே அடங்கிவிடுகிறது.

“வாரண்டி இன்னும் ஒரு வருஷம் இருக்கு. வெளி மெக்கானிக்கிட்ட போனாலே வாரண்டி போயிடும்னு சொல்றாங்களே?”

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், வாரண்டி காலத்திலும் விருப்பப்பட்ட சுயாதீனப் பட்டறையில் சர்வீஸ் செய்துகொள்ள வழி ஏற்பட்டது. அந்தப் பட்டறை விளைவித்த சேதத்துக்கு மட்டும் உற்பத்தியாளர் பொறுப்பேற்க மாட்டார். ரீமேப் என்பது சர்வீஸ் ஆகாது. ஃபோக்ஸ்வேகனைப் பொறுத்தவரை, மாற்றிய மென்பொருளை டீலரின் கருவி கண்டுபிடித்தால் அந்த வண்டியின் பதிவில் குறியிட்டுவிடுவார்கள். பழைய மென்பொருளுக்குத் திரும்பினாலும் தடயம் மிஞ்சக்கூடும். ஒரு வருடம்தானே, பொறுங்கள்.

“எஞ்சினையே தூக்கிட்டுப் பெருசா ஒண்ணு வெச்சா?”

எஞ்சின் எண் வண்டியின் பதிவோடு இணைந்தது. மாற்றினால் போலீஸ் சான்று பெற்று, பதிவு அலுவலகத்தில் புதிய எண்ணைச் சேர்க்க வேண்டும். வாங்கிய எஞ்சினுக்கு ரசீது இல்லை அல்லது எண் சுரண்டப்பட்டிருக்கிறது என்றால், வண்டியை இழக்கவும் நேரிடலாம். எஞ்சினைத் தொடர்ந்து பிரேக், கியர்பாக்ஸ், மவுண்ட், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டி வரும். தினமும் வேலைக்குப் போக இதே வண்டியை நம்பியிருப்பவர் இந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

“இவ்வளவு போட்டா, விக்கும்போது திரும்ப வருமா?”

வராது. பாகங்கள் மாற்றப்பட்ட வண்டியைக் கண்டால் வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். கழற்றிய அசல் பாகங்களைத் துணியில் சுற்றிக் கராஜில் வையுங்கள். விற்கும் நாளில் அவற்றை மீண்டும் பொருத்திவிட்டு, மாற்றுப் பாகங்களைத் தனியே விற்பதே குறைந்த நஷ்டம்.

“மாசத் தவணை நாலாயிரத்துச் சொச்சம்தான் சார். பழைய வண்டி ரிப்பேருக்கே அவ்வளவு ஆகுதே?”

ஆகிறதா என்று எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? கடந்த இருபத்து நான்கு மாத ரசீதுகளைக் கூட்டி 24-ஆல் வகுத்துக்கொண்டு வாருங்கள், அதன்பிறகு பேசலாம். ஒரே மாதத்தில் வந்த பெரிய செலவு மனத்தில் நிற்கிறது, செலவே இல்லாத பத்து மாதங்கள் நிற்பதில்லை.

தவணைக் கணக்கையும் முழுதாகப் பாருங்கள். உதாரணத்துக்கு, 12 சதவீத வட்டியில் 2,50,000 ராண்ட் கடனை 72 மாதங்களில் அடைத்தால் மாதம் சுமார் 4,890 ராண்ட். மொத்தம் ஏறத்தாழ 3,52,000. தவணையைக் குறைத்துக்காட்ட 30 சதவீதம், அதாவது 75,000 ராண்டை, கடைசியில் கட்டும் ‘பலூன்’ ஆக ஒதுக்கினால், மாதம் சுமார் 4,170 ஆகிறது. நண்பர் சொல்லும் ‘நாலாயிரத்துச் சொச்சம்’ இதுதான். ஆறு ஆண்டு கட்டிய பிறகும் அந்த 75,000 அப்படியே நிற்கும். அதையும் சேர்த்தால் மொத்தம் 3,75,000-ஐத் தாண்டும். பலூன் போட்டால்தான் வாங்க முடியும் என்ற வண்டி உங்கள் கைக்கு எட்டாத வண்டி. இதனோடு, கடன் இருக்கும்வரை முழு இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“சரி, மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டேன். டீலர்கிட்டயா, தனியாள்கிட்டயா?”

டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்கு உள்ளார்ந்த தர உத்தரவாதம் உண்டு. முன்கூட்டியே உங்களிடம் தெளிவாகச் சொல்லாத குறைக்குப் பழுதுபார்த்துத் தரவோ, மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். தனியாளிடம் விலை குறையும், ஆனால் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’, அதாவது உள்ளது உள்ளபடி, என்று எழுதி விற்றால் பிறகு பேசுவது கடினம். உரிமை மாற்றத்துக்கான தகுதிச் சான்று இருப்பதால் வண்டி நலமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அது விளக்கு, பிரேக், டயர் போன்ற பாதுகாப்பைப் பார்ப்பது, எஞ்சினின் ஆயுளைப் பார்ப்பதல்ல. மூன்றாம் கேள்விக்குச் சொன்ன சோதனைகளை வாங்கப்போகும் வண்டிக்கும் செய்யுங்கள். மறுக்கும் விற்பனையாளரை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

“வீட்ல ரெண்டாவது குழந்தை வரப்போகுது. அவங்க பெரிய வண்டி வேணும்னு சொல்றாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

சரி என்று சொல்லுங்கள். குழந்தை இருக்கை இரண்டையும் பின்னால் பூட்டி, தள்ளுவண்டியை டிக்கியில் வைத்துப் பாருங்கள். தைப்பூசத்தன்று காவடியோடு மாமியாரையும் ஏற்றிப் பாருங்கள். இடம் போதவில்லை என்றால் எந்த மாடிஃபிகேஷனும் உதவாது. என்னிடம் வந்த கேள்விகளில் மிக எளிதாகப் பதில் சொன்னது இதற்குத்தான்.

“எந்த நிலையில ‘இனி வேண்டாம்’னு நீங்களே சொல்வீங்க?”

துருதான் முதல் காரணம். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் இரவெல்லாம் வெளியே நிற்கும் வண்டியின் கதவடிச் சட்டத்திலும், முன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேலே வந்து பதியும் இடத்திலும் துரு பிடிக்கும். பெயின்ட் கொப்புளித்திருக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்ல அழுத்துங்கள். ‘டக்’ என்று திருப்பித் தள்ளினால் மேல்துரு, ‘சர்க்’ என்று உள்ளே போனால் வண்டியின் எலும்பு போய்விட்டது. அந்த வண்டிக்கு நல்ல ஷாக் வாங்குவதில் பொருளில்லை.

மற்றொன்று, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே காலத்தில் கெடுவது. ஏதாவது ஒன்று கெட்டால் சரிசெய்துகொண்டு போகலாம். இரண்டும் சேர்ந்து கெட்டு, பழுதுச் செலவு அதே வயதுடைய நல்ல வண்டியின் விலையை நெருங்கினால் விட்டுவிடுவேன். காப்பீடு இல்லாத விபத்தில் உடற்சட்டம் கோணிப்போனாலும் அப்படித்தான். ஓட்டச் சலித்துவிட்டது என்பதும் நேர்மையான காரணமே. அதற்கு ரிப்பேர் செலவைச் சாக்காகக் காட்ட வேண்டியதில்லை.

“அப்போ உங்க வண்டி, சார்?”

110 கிலோவாட்டுடன் நிறுவனத்திலிருந்து வந்த அளவிலேயே இருக்கிறது; ரீமேப் செய்யவில்லை. புதிய ஷாக், நல்ல டயர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில், சென்ற ஆண்டு டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும். குட்டை ஸ்பிரிங்குகள் நான்கும் கராஜ் மூலையில் கிடக்கின்றன. வேண்டுபவர் ஷாக்கோடு சேர்த்துப் போடுவதாக வாக்குக் கொடுத்தால் எடுத்துச் செல்லலாம்.